இசைத்தட்டின் மறுபக்கம்: டாக் பாக்ஸின் 12 பாடல்கள்

அமெரிக்கப் பாஞ்சோ பாடகர் டாக் பாக்ஸின் (1898–1971) இசைப்பதிவு வாழ்க்கையின் முதற்கட்டம் 12 பாடல்களோடு முடிந்துவிட்டது. 1927-இல் நியூயார்க்கில் பிரன்ஸ்விக் நிறுவனத்துக்கு எட்டும், 1929-இல் லோன்சம் ஏஸ் என்ற சிறு நிறுவனத்துக்கு நான்கும் பாடினார். முன்னவை வெளிக்காற்றுப் படாத அப்பலாச்சிய மலைமரபின் குரல், பின்னவை சந்தைக்கு எழுதித் தரப்பட்டவை என்று பிரித்துப் பேசுவது ஆய்வுலகில் வழக்கமாகிவிட்டது. இப்பிரிவினை நிற்காது என்பதே என் வாதம். அதை உடைக்கும் சான்று முதல் எட்டுக்குள்ளேயே கிடக்கிறது.

அது ‘டவுன் சவுத் புளூஸ்’. 1923-இல் ஆல்பர்ட்டா ஹன்டர், கிளாரா ஸ்மித் முதலிய கறுப்பினப் பாடகியர் நகர அரங்கப் பாணியில் இசைத்தட்டுக்குப் பாடிய பாடல். வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியான பாக்ஸ் அதை இசைத்தட்டிலிருந்தே கற்றார். இதை எவரும் மறுப்பதில்லை. விதிவிலக்கு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பாடலைச் செவிகொடுத்துக் கேட்டால் அவ்வாறு ஒதுக்க முடியவில்லை. மூலத்தட்டில் பியானோ தாங்கி நின்ற சுரக்கோவைகளை அவர் விட்டுவிடுகிறார். பாஞ்சோ குரலின் மெட்டையே சுரம் சுரமாகப் பின்தொடர்கிறது. பிரித்தானிய வேர் கொண்ட பழங்கதைப் பாடலான ‘பிரிட்டி பாலி’யிலும் இதே கையாளுகைதான். மூலம் வாய்மொழியா, இசைத்தட்டா என்பது அவர் விரலுக்கு ஒரு பொருட்டாக இருந்ததாகத் தெரியவில்லை.

பின் ஏன் இது கவனம் பெறவில்லை? ஹாரி ஸ்மித் 1952-இல் வெளியிட்ட நாட்டார் இசைத் தொகுப்பில் ‘சுகர் பேபி’, ‘கன்ட்ரி புளூஸ்’ ஆகிய இரண்டும் இடம்பெற்றன. ‘சுகர் பேபி’ தட்டின் மறுபக்கமே ‘டவுன் சவுத் புளூஸ்’. தொகுப்பின் வழியே பாக்ஸை அறிந்த தலைமுறைக்கு அந்த மறுபக்கம் எட்டவில்லை. மலைமரபுத் தூய்மை என்னும் கருத்துக்கு இத்தேர்வு ஓரளவேனும் காரணமாகியிருக்கலாம். முழுக் காரணம் என்று நான் சொல்லவில்லை.

இனி 1929-க்கு வருவோம். ‘ஓல்ட் ரப் ஆல்கஹால் புளூஸ்’ பாடலின் வரிகளை எழுதியவர் நிறுவன உரிமையாளர் மையர். ஆகவே அது மரபுக்குப் புறம்பு என்பர். பிறர் எழுதியது என்பதே குறையானால், அதே குறை ‘டவுன் சவுத் புளூஸ்’ பாடலுக்கும் உண்டு. ஒன்றை மரபென்றும் மற்றதை வணிகமென்றும் கொள்ள நியாயமில்லை. 1929 பதிவில் எம்ரி ஆர்தரின் கிட்டார் சேர்ந்தது உண்மை. பாடும் முறையை அது மாற்றிவிடவில்லை. பாக்ஸின் மனைவியின் சமயப்பற்று, அவர் பின்னர் இசையை விட்டதற்கு விளக்கமாகலாமேயன்றி, பாடல்களின் தரத்துக்கு அளவுகோல் ஆகாது.

முதற்கட்டம் குறுகியதற்கு மரபு வற்றிப்போனதைக் காரணமாகக் காட்டத் தேவையில்லை. பொருளாதாரப் பெருவீழ்ச்சியில் இசைத்தட்டுச் சந்தை சரிந்தது. லோன்சம் ஏஸும் நிலைக்கவில்லை. 1963-இல் நாட்டார் இசைக்கலைஞர் மைக் சீகர் தேடிக் கண்டபின் பாக்ஸ் மீண்டும் பதிவுக்கு வந்து, ஃபோக்வேஸ் நிறுவனத்துக்குப் பாடினார். கலை வற்றியவர் அவ்வாறு திரும்புவதில்லை. ஆகவே 12 பாடல்களையும் ஒரே தொகுதியாகக் கொண்டு ஆராய வேண்டும். அவ்வாறு ஆராய்வோர் மலையிசையின் முன்னோடிகளாக, சுரங்கப் பகுதிப் பாடகர்களோடு 1923-இன் கறுப்பினப் பாடகியரையும் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும்.