எருக்கு இல்லாத பாடம்

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் ஊர் திருமுக்கூடல். அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில் 11ஆம் நூற்றாண்டின் நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. வீரராஜேந்திர சோழன் காலத்தது. 'வீரசோழன்' என்ற ஆதுலர் சாலைக்கு 15 படுக்கை. வைத்தியருக்கும் தாதியருக்கும் ஊதியம். கூடவே ஒரு பள்ளி: ரிக், யஜுர் வேதங்கள், வியாகரணம்.

"அப்பவே 15 பெட் ஆஸ்பத்திரியா!" என்று வியந்துவிட்டு நகர்ந்துவிடுவோம். என்னை நிறுத்தியது வேறொன்று. மூலிகையும் விறகும் கொண்டுவந்து மருந்து தயாரிக்க உதவிய ஆட்களும் அதே சம்பளப் பட்டியலில் இருக்கிறார்கள். எந்தச் செடி எங்கே முளைக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் பள்ளிப் பாடங்களின் வரிசையில் செடி இல்லை. படிப்பு உள்ளே, இலையறிவு வெளியே.

அந்தச் சுவர் இன்னும் இடியலை. மொனார்க் பட்டாம்பூச்சி கனடாவிலிருந்து மெக்சிகோ மலைகளுக்குப் பறப்பதை நம் பிள்ளைகள் வீடியோவில் பார்த்துச் சொல்வார்கள். அது குளிர்காலத்தைக் கழிக்கும் காட்டை ஆய்வாளர்கள் கண்டறிந்தது 1975இல்தான். அதன் நெருங்கிய உறவான வெந்தய வரியன் நம் எருக்கஞ்செடியில் முட்டையிடுகிறது. 1758இல் லின்னேயஸ் இரண்டுக்குமே பெயர் வைத்தார். மொனார்க் புழுவுக்கு இரண்டு ஜோடி கொம்பு, நம்முடையதற்கு மூன்று. எருக்கின் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதைத் தொடத் தயங்கும்.

மைதானத்தைச் சுத்தம் பண்ணும்போது முதலில் வெட்டுவது அந்த எருக்கைத்தான்.

பட்டாம்பூச்சித் தோட்டம் என்றால் வாங்கிவந்த பூச்செடி மட்டும் போதாது. தேன் பல பூக்களில் கிடைக்கும். புழுவுக்கு அதற்கான இலைதான் வேண்டும். கறிவேப்பிலை, எலுமிச்சை வைத்தால் வேறு இனங்கள் வரும். எருக்குக்கோ தச்சன் வண்டு வரும். அதன் மகரந்தத்தைக் கொண்டுபோவது அந்தக் கருவண்டுதான்.

சுவரோரம் ஒரு எருக்கை விட்டுவையுங்கள். பால் கண்ணில் பட்டால் ஆபத்து. அதனால் பிள்ளைகள் பார்க்கட்டும், பறிக்க வேண்டாம். இலையின் அடிப்பக்கத்தில் ஒற்றை முட்டை தெரிந்தால் தேதியைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். வெயில் காலத்தில் ஒரு மாதத்துக்குள் சிறகு வந்துவிடும்.

பாடம் எடுக்க, மூட்டுவலிக்கு எருக்கிலையை வாட்டிக் கட்டும் ஒரு பாட்டியைக் கூப்பிடுங்கள். அவருக்கு வகுப்புக்குள்ளேயே நாற்காலி போடுங்கள்.