உதயகிரியிலிருந்து நார்த்தாமலை வரை: நமக்கு ஒரு துப்பாக்கி சுடும் தளம் வேண்டுமா?

மாலை நடை முடிந்து நாங்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து பேசுவது வழக்கம். போன வாரம் பேச்சு எங்கெங்கோ சுற்றி, துப்பாக்கியில் வந்து நின்றது. நண்பர் ஒருவருடைய பேத்தி காற்றுத் துப்பாக்கி சுடப் பழக ஆசைப்படுகிறாள். "இங்கேருந்து வட்டியூர்க்காவுக்குக் கூட்டிட்டுப் போகணும்னா ஒரு நாள் பொழுது போயிரும் வே. நம்ம மாவட்டத்துல பொதுவா ஒரு தளம் இருந்தா என்ன?" என்று கேட்டார். திருவனந்தபுரம் வட்டியூர்க்காவில் உள்ள தளத்தில்தான் 2015 தேசிய விளையாட்டுப் போட்டிகளின் துப்பாக்கி சுடுதல் நடந்தது. அவர் கேட்டது நியாயமான கேள்வி. உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்ததை இங்கே எழுதுகிறேன்.

நம் நாட்டுக்குத் துப்பாக்கி புதிதல்ல. 1741 ஆகஸ்டில் குளச்சல் கடற்கரையில் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது. அதில் பிடிபட்ட டிலனாய் பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி கொடுத்து, 'வலிய கப்பித்தான்' என்ற பெயரும் பெற்றார். புலியூர்க்குறிச்சியில் நாம் டிலனாய்க் கோட்டை என்று சொல்லும் உதயகிரிக் கோட்டைக்குள் பீரங்கி வார்க்கும் ஆலை இருந்தது. 1777இல் இறந்த டிலனாயின் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. லத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டிய அந்தக் கல்லைப் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

கோட்டைக்குள்ளே ஒரு குன்று உண்டு. சுற்றிலும் கனமான கல் மதில். அந்தக் காலத்து நீளத் துப்பாக்கி நூறு கஜத்தைத் தாண்டினால் குறி நிற்காது. அங்கே நின்று குன்றைப் பார்த்துச் சுட்டிருந்தால், மதிலுக்கு வெளியே மாடு மேய்ப்பவன் பயப்பட வேண்டிய அவசியம் இருந்திருக்காது என்று நான் நினைப்பதுண்டு. 1809 பிப்ரவரியில், வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சியை அடக்க வந்த கும்பெனிப் படை ஆரல்வாய்மொழி அரண்களைக் கடந்து உதயகிரியையும் பத்மநாபபுரத்தையும் பிடித்தது. அதற்குப் பிறகு திருவிதாங்கூர்ப் படையின் பெரும்பகுதி கலைக்கப்பட்டது. இன்று உதயகிரி வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. பீரங்கி வார்த்த இடத்தில் குழந்தைகள் மான் பார்க்கிறார்கள்.

நான் துப்பாக்கியைத் தொட்டது கல்லூரியில் படித்தபோது. சீனப் போருக்குப் பின் 1963இல் கல்லூரிகளில் என்சிசி கட்டாயமானது. 1968 வரை அப்படியே இருந்தது. எங்கள் தலைமுறை ஆண்கள் பலரும் அந்தக் காக்கிச் சட்டையைப் போட்டவர்கள்தான். ஒருநாள் மலையடிவாரத்துக்கு லாரியில் கூட்டிப்போனார்கள். மண் குவித்த மேடு, அதன் முன்னால் காகிதம் ஒட்டிய பலகை, இரண்டு பக்கமும் செங்கொடி. தரையில் குப்புறப் படுத்து ஆளுக்கு ஐந்து தோட்டா சுட வேண்டும். .303 ரைஃபிள் தோளில் விட்ட உதையில் மூன்று நாள் கை தூக்க முடியவில்லை. அதைக்கூட மறந்துவிடலாம்.

மறக்க முடியாதது வேறு. நான் மூன்றாவது தோட்டாவைச் சுட்டு முடித்தபோது ஹவில்தார் விசிலை ஊதிக்கொண்டு ஓடினார். மண்மேட்டுக்குச் சற்றுத் தள்ளி, மலைச்சரிவிலிருந்து ஒரு பெண் விறகுக்கட்டோடு இறங்கி வந்துகொண்டிருந்தாள். செங்கொடியை அவள் பார்க்காமல் இல்லை. ஏதோ கட்சிக் கூட்டம் என்று நினைத்தேன் என்றாள். அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். என் ஐந்து தோட்டாவில் பலகையில் பட்டது இரண்டுதான். மற்றவை எங்கே போயின என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

இனி, தளம் வேண்டும் என்பவர்கள் பக்கத்து நியாயத்தைப் பார்ப்போம். அது சிறியதல்ல. நம் பிள்ளைகள் ராணுவத்திலும் காவல்துறையிலும் துணை ராணுவப் படைகளிலும் சேருவதற்குக் காலையில் ஓடிப் பழகுகிறார்கள். மலையோர ஊர்களில் வாழையையும் மரவள்ளியையும் பன்றி கிளறிப் போடுகிறது. பயிர்க்காவலுக்குத் துப்பாக்கி உரிமம் கேட்பவர்கள் உண்டு. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, புதிதாக உரிமம் கேட்பவர் பாதுகாப்புப் பயிற்சி பெற வேண்டும். பழக இடமே இல்லாமல் ஆயுதம் மட்டும் கையில் இருப்பது நல்லதா என்ற கேள்வி இருக்கிறது.

விளையாட்டு என்று பார்த்தாலும் அப்படித்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியா பெற்ற ஆறு பதக்கங்களில் மூன்று துப்பாக்கி சுடுதலில் வந்தவை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக்கோப்பையில் தங்கம் வென்றவர். ஆனால் அவர் வளர்ந்ததும் பழகியதும் அகமதாபாத்தில். நம் ஊர்ப் பெண்ணுக்கும் ஒரு வாய்ப்பு வேண்டும் என்று தாத்தா ஒருவர் ஆசைப்படுவதில் தப்பில்லை.

இதையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும் என் மனம் நார்த்தாமலைக்குப் போகிறது. புதுக்கோட்டை மாவட்டத்து நார்த்தாமலையை விஜயாலய சோழீச்சரத்துக்காகப் பார்த்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். மொட்டைப் பாறைக் குன்றுகள், குறைந்த வீடுகள், திறந்த வெளி. துப்பாக்கி சுட்டுப் பழக இதைவிடத் தோதான இடம் ஏது என்று யாருக்கும் தோன்றும். பக்கத்தில் பசுமலைப்பட்டியில் அப்படி ஒரு தளம் இருந்தது. பொதுமக்களுக்கானது அல்ல. காவல்துறையும் மத்திய தொழிற்பாதுகாப்புப் படையும் பயிற்சி எடுக்கும் இடம்.

2021 டிசம்பர் 30ஆம் தேதி அங்கே பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் தள்ளி, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் ஒரு குண்டு பாய்ந்தது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். 2022 ஜனவரி 3ஆம் தேதி அவன் இறந்துவிட்டான். அரசு 10 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தது. தளம் தற்காலிகமாக மூடப்பட்டது. நிரந்தரமாக மூடுங்கள் என்று ஊர்க்காரர்கள் கேட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்றுதான், என் ஐந்து தோட்டாவில் காணாமல் போன மூன்றும் அத்தனை வருஷத்துக்குப் பிறகு எனக்கு நினைவு வந்தன.

அங்கே சுட்டவர்கள் கற்றுக்குட்டிகள் அல்லர். சீருடைப் படையினர். மேற்பார்வைக்கு அதிகாரிகள் உண்டு. எதிரே குன்றும் உண்டு. இத்தனைக்குப் பிறகும் ஒரு குண்டு வெளியே போயிற்று. துப்பாக்கியின் வாய் கொஞ்சம் உயர்ந்தால் குண்டு மேட்டைத் தாண்டிவிடும். கல்லில் பட்டால் எந்தப் பக்கமும் தெறிக்கும். பயிற்சிக்குச் சாதாரணமாக வைத்துக்கொள்ளும் .22 சிறு தோட்டாகூட ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடியது. படைகளின் ரைஃபிள் அதைவிட வெகுதூரம் போகும். உதயகிரி மதில் காலத்துக் கணக்கு இதற்குச் செல்லாது.

இப்போது நம் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் புதுக்கோட்டை மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 348 பேர். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் 1,111 பேர். தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்தபடி நெருக்கமாக மனிதர்கள் வாழும் மாவட்டம் நம்முடையது. ஒரு ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பஸ்ஸில் போகிறவனுக்குத் தெரியாது. மலையடிவாரம் காலியாகத்தானே கிடக்கிறது என்பார்கள். அங்கே ரப்பர் பால் எடுக்க விடியுமுன் போகிறவர்கள் இருக்கிறார்கள், விறகு பொறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். யாரும் இல்லாத இரண்டு கிலோமீட்டரை இந்த மாவட்டத்தில் எனக்குக் காட்டித் தாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. தோட்டாவின் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஈயம். வருஷக்கணக்கில் சுட்டால் மண்மேட்டில் ஈயம் சேரும். நம் ஊரில் இரண்டு மழைக்காலம். மேட்டைக் கரைத்த தண்ணீர் ஓடையில் இறங்கும், ஓடை குளத்துக்கு வரும். ஈர நிலங்களில் ஈயச் சில்லுத் தோட்டா சுடுவதை ஐரோப்பிய ஒன்றியம் 2023இலிருந்து தடை செய்திருக்கிறது. சுசீந்திரம் தேரூர் குளங்களை 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்த்துவிட்டோம் என்று பெருமைப்படும் நாம், அந்த யோசனையையும் சேர்த்துத்தான் செய்ய வேண்டும்.

அப்படியானால் பேத்தியின் ஆசை? அதற்கு வழி இருக்கிறது. அபினவ் பிந்த்ரா 2008இல் தங்கம் வாங்கியது 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியில். பாரிஸில் வந்த மூன்று பதக்கங்களில் இரண்டு 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கியில் வந்தவை. இதற்கு மலையும் வேண்டாம், மைதானமும் வேண்டாம். ஒரு கல்யாண மண்டபத்து அளவு கூடம் போதும். வெடிமருந்து கிடையாது. 4.5 மில்லிமீட்டர் குண்டு எதிர்ச்சுவரின் தடுப்பிலேயே நின்றுவிடும். விழுந்த ஈயத்தைக் கூட்டி அள்ளிவிடலாம். கதவைப் பூட்டினால் யாரும் தெரியாமல் உள்ளே வந்துவிட முடியாது.

எனவே என் முடிவு இது. காற்றுத் துப்பாக்கிக்குக் கூரை போட்ட கூடம் ஒன்றை நாம் தாராளமாகக் கேட்கலாம். கேட்கவும் வேண்டும். தோட்டா போட்டுச் சுடும் திறந்தவெளித் தளம் நம் மாவட்டத்துக்கு வேண்டாம். உரிமம் வாங்குபவர் பயிற்சிக்காக வெளியூர் போய்வரும் சிரமம் இருக்கத்தான் செய்யும். வருஷத்தில் சில நாள் சிரமம் அது. நார்த்தாமலையில் அந்தக் குடும்பம் பட்டதோடு அதைத் தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இதை நண்பரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்போ கூடத்துக்கு ஒரு மனு எழுதித் தாரும் வே, நான் நாலு பேர்ட்ட கையெழுத்து வாங்குகேன்" என்றார். எழுதிக்கொண்டிருக்கிறேன்.