சக்கரமும் சட்டமும்

கன்றின்மீது தேரேற்றிய மைந்தனைத் தன் தேர்க்காலிலேயே இட்டான் மனுநீதிச் சோழன் என்பது கதை. அங்கே தண்டனையை அளந்தது விளைவு ஒன்றே. மைந்தன் மனமறிந்து செய்தானா என்னும் வினாவுக்கு இடமில்லை. மோட்டார் வண்டி தோன்றிய பின்னர் ஆங்கிலேயச் சட்டம் நெடுங்காலம் தடுமாறி நின்றதோ அந்த வினாவின் முன்னேதான்.

1896ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள், இலண்டனில் கிறிஸ்டல் பேலஸ் வளாகத்தில், பிரிட்ஜெட் டிரிஸ்கல் என்னும் மாது மோட்டார் வண்டி மோதி மாண்டார். பிரிட்டனில் இவ்வாறு உயிர்நீத்த முதல் பாதசாரி அவரே என்பர். மரண விசாரணையில் ஜூரிகள் அதனைத் தற்செயலான மரணம் என்றனர். வண்டியோட்டி மீது வழக்கே எழவில்லை.

வண்டிகள் பெருகின, சாவுகளும் பெருகின. அந்நாளில் இத்தகைய ஓட்டுநர்மீது சாட்டத்தக்க பெருங்குற்றம், நோக்கமின்றிச் செய்த கொலை என்பதே. ஆனால், சாதாரணக் கவனக்குறைவு அதற்குப் போதாது, மிகக் கடுமையான கவனக்குறைவு வேண்டும் என்று 1937இல் பிரபுக்கள் சபையில் அட்கின் பிரபு தீர்ப்புரைத்தார். ஜூரிகளும் தயங்கினர். கூண்டில் நின்றவனிடம் அவர்கள் கண்டது கொலைகாரனை அன்று, தங்களையே.

எனவே 1956இல் நாடாளுமன்றம் புதுவழி கண்டது. அபாயகரமாக ஓட்டி மரணம் விளைவித்தல் தனிக்குற்றமாயிற்று. கொலை என்னும் சொல் அகன்றது. உச்ச தண்டனை 5 ஆண்டுச் சிறை எனக் குறுகியது. பின்னர், உறவினரை இழந்தோரின் குரல் ஓங்க ஓங்க, அவ்வெல்லை 1993இல் 10 ஆண்டாகவும், 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் 14 ஆண்டாகவும், 2022இல் ஆயுள் சிறையாகவும் உயர்ந்தது. இடையே 2008இல், வெறும் கவனக்குறைவால் நேர்ந்த மரணமும் 5 ஆண்டுவரை சிறைக்குரிய தனிக்குற்றமாயிற்று.

அச்சட்ட மரபில் வளர்ந்த மலேசியாவோ உச்சத்தோடு கீழெல்லையையும் வகுத்தது. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தப்படி, போதையில் ஓட்டி உயிர் பறித்தவருக்கு முதற்குற்றத்திற்கே 10 முதல் 15 ஆண்டுச் சிறையும், 50,000 முதல் 100,000 வெள்ளி அபராதமும் உண்டு.

மதுவருந்தி ஓட்டியவனும், கணப்பொழுது கண்ணயர்ந்தவனும் விட்டுச் செல்லும் பிணம் ஒன்றே, குற்றம் ஒன்றன்று. பிணத்தை மட்டும் நோக்கினால் நீதி பழிவாங்கலாகிவிடும். ஓட்டியவனை மட்டும் நோக்கினால் மாண்டவர் மறக்கப்படுவார். இவ்விரண்டையும் ஒரே தட்டில் நிறுக்க முயன்ற வரலாறே இது.