பெரட்டுக் களமும் பிள்ளைத் தொட்டிலும்

லாருட் வட்டாரத்து ஈயச் சுரங்கங்களுள் ஒன்றாகிய கிளியான் பாரு, 1874-ஆம் ஆண்டுப் பங்கோர் உடன்படிக்கைக்குப் பின் கமுந்திங் என்னும் பெயர் பெற்றது. ஈயத்தையடுத்து, இருபதாம் நூற்றாண்டில் பேராக் மாநிலமெங்கும் பரவிய ரப்பர் மக்கள் வாழ்வை வகுத்தது. ரப்பர்த் தோட்டங்களில் உழைத்தோருள் பெரும்பாலோர் தமிழர். அவர்தம் இல்லற வரலாற்றை அறிய விழைவோர், மரத்தின் இயல்பிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

ரப்பர் மரம் வெயில் ஏறுமுன்னரே பாலை மிகுதியாகச் சுரக்கும். பொழுது ஏற ஏற ஒழுக்குக் குறையும். ஆதலின் விடியற்கருக்கலில் பெரட்டு. பேர் கொடுத்தபின் நிரையை நோக்கி நடை. ஒருவர் கூலியில் குடும்பம் நடவாது. பெண்ணுக்குரிய கூலியோ ஆணினும் குறைவாகவே வகுக்கப்பட்டிருந்தது. உறங்கும் குழந்தையை வாரியெடுத்து ஆயாக்கொட்டகையில் விட்டுச் செல்வாள் தாய். மரம் வெட்டி, மங்குகளிலிருந்து பால் சேர்த்து, நிறுவைக்குச் சுமந்து மீண்ட பின்னரே அவளுக்கு வீட்டு வேலை தொடங்கும். தாய் புறப்படுகையில் பிள்ளைக்குத் தூக்கம். பிள்ளை கதை கேட்கும் இரவில் தாய்க்குத் தூக்கம்.

7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பதின்மர் இருப்பின் தோட்டத்தில் பள்ளி அமைத்தல் வேண்டுமென 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஆயினும் தம்பி தங்கையரைப் பேணுதற்கு வீட்டில் நின்ற மூத்த மகளுக்கு, அப்பள்ளி இருந்தும் இல்லாததே. பெற்றோரின் உழைப்புக்கு அவள் ஈந்த விலை எந்தக் கூலிப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை.

1919-ஆம் ஆண்டிலேயே உலகத் தொழிலாளர் அமைப்பு, ஆலைத் தொழிலாளர்க்கு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என வரம்பு வகுத்தது. 1954-ஆம் ஆண்டில் தோன்றிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் நம்மவர் உரிமைக்குக் குரல் கொடுத்தது. காலம் மாறியது. கமுந்திங்கில் தொழிற்பேட்டை எழுந்தது. பெரட்டுச் சங்கு ஓய்ந்தது. ஆலையின் முறைவேலை வந்தது. தந்தை இரவு முறை, தாய் பகல் முறையெனின் அவ்வீட்டில் இருவரும் ஒருங்கே உண்பது எந்நாள்?

2023 ஜனவரி முதல் நாளில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம், வார வேலைநேரத்தை 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைத்தது. மகப்பேற்று விடுப்பை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்த்தியது. தந்தையர்க்கு 7 நாள் விடுப்பளித்தது. தொட்டிலருகே தந்தைக்கும் இடமுண்டென்பதைச் சட்டம் ஒப்புக்கொள்ள இத்துணைக் காலம் ஆயிற்று. மிஞ்சிய அம்மூன்று மணி நேரம் மிகைவேலைக்கா, மக்களுக்கா என்பதே இன்று ஒவ்வொரு வீடும் விடையளிக்க வேண்டிய வினா. தம் தாயின் கதை கேட்க வாய்க்காத தலைமுறையின் வழிவந்தோர், தம் பிள்ளைக்கேனும் அதனைச் சொல்லிச் செல்லுதல் கடன்.