பிரிட்டன் மாணவர் விசா: பணம் இருந்தால் போதாது, 28 நாள் இருக்க வேண்டும்

நீலாய் – இன்டி அனைத்துலகப் பல்கலைக்கழகம், நீலாய் பல்கலைக்கழகம் என உயர்கல்விக்கூடங்கள் நிறைந்த நீலாயில் வெளிநாட்டு மாணவர்களைக் காண்பது புதிதல்ல. மாணவர் அனுமதி பெற்று அவர்கள் இங்கே வருகிறார்கள். இதே வட்டாரத்துத் தோட்டங்களில் வளர்ந்த பிள்ளைகள் பிரிட்டனுக்குப் படிக்கப் புறப்படும்போது, பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த பிறகும் தாண்ட வேண்டிய படிகள் சில உண்டு.

முதல் படி 'காஸ்' எனப்படும் சேர்க்கை உறுதி. அது பல்கலைக்கழகம் வழங்கும் ஓர் எண்தான். அது கிடைத்த 6 மாதத்திற்குள் விசாவுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். படிப்பு தொடங்குவதற்கு 6 மாதத்திற்கு முன்னதாக விண்ணப்பிக்க முடியாது.

மலேசியாவிலிருந்து 6 மாதத்திற்கு மேல் தங்கச் செல்பவர்கள் காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழும் தர வேண்டும். பிரிட்டன் அரசு அங்கீகரித்த கிளினிக்கில் எடுத்தது மட்டுமே செல்லும். அரசாங்க மருத்துவமனையில் எடுத்த எக்ஸ்ரேயைக் கொண்டுபோய்ப் பயனில்லை.

அடுத்தது பணம். தோட்டக் குடும்பங்கள் தடுமாறக்கூடிய இடம் இதுதான். முதலாண்டுக் கட்டணத்தில் செலுத்தாமல் மீதமிருக்கும் தொகையோடு, 9 மாத வாழ்க்கைச் செலவையும் கணக்கில் வைத்திருக்க வேண்டும். 2025 நவம்பர் 11 முதல் லண்டனில் படிப்பவர்களுக்கு மாதம் 1,529 பவுண்டு, மற்ற ஊர்களில் 1,171 பவுண்டு என்பது கணக்கு. அதாவது 9 மாதத்திற்கு லண்டனில் 13,761 பவுண்டு, வெளியே 10,539 பவுண்டு. ஊரைத் தேர்ந்தெடுப்பதிலேயே மூவாயிரம் பவுண்டுக்கு மேல் வித்தியாசம் வந்துவிடுகிறது.

இந்தத் தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். இடையில் ஒரு நாள் குறைந்தாலும் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். அந்த 28 நாளின் கடைசித் தேதி, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 31 நாளுக்குள் அமைய வேண்டும். ஜூலை 4ஆம் தேதி முழுத் தொகையும் வங்கிக்கு வந்துவிட்டால், ஜூலை 31 வரையிலான கணக்கறிக்கையோடு ஆகஸ்டு 1ஆம் தேதி விண்ணப்பிக்கலாம். ஜூலை 20ஆம் தேதிதான் வந்தது என்றால் ஆகஸ்டு நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிப்போருக்கு முடிவு வரப் பொதுவாக 3 வாரம் ஆகும் என்பதால், செப்டம்பரில் வகுப்பு தொடங்கும் மாணவருக்கு அது மிக நெருக்கடியான காலம்.

எந்தப் பணம் கணக்கில் சேரும் என்பதிலும் தெளிவு வேண்டும். மாணவரின் சொந்தக் கணக்கிலோ பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலரின் கணக்கிலோ உள்ள ரொக்கம் சேரும். பெரியப்பா, மாமா, அண்ணன் கணக்கில் இருப்பது சேராது. அவர்கள் உதவுவதாக இருந்தால் பணத்தை முன்கூட்டியே பெற்றோர் கணக்கிற்கு மாற்றிவிடுவதே வழி. கூட்டு எடுக்கும் மாதம் இன்னும் வரவில்லை என்றால் அந்தப் பணம் கணக்கில் இல்லை. ஊழியர் சேமநிதியில் உடனே எடுக்க முடியாமல் இருக்கும் தொகையும் அப்படித்தான். பிள்ளையின் உயர்கல்விக்காகச் செஜாத்தெரா கணக்கிலிருந்து பணம் எடுக்கலாம். ஆனால் அது வங்கிக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்துதான் 28 நாள் எண்ணப்படும். பி.டி.பி.டி.என். கடனை நம்புவதற்கில்லை, அது உள்நாட்டு உயர்கல்விக்கூடங்களில் படிப்போருக்கானது.

ரிங்கிட் மதிப்பும் ஏறி இறங்கும். விண்ணப்பிக்கும் நாளின் மாற்று விகிதமே கணக்கில் கொள்ளப்படுவதால், சரியாக வரையறுத்த தொகையை மட்டும் வைத்திருப்பது ஆபத்து. கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும்.

"மலேசியர்கள் பணக்கணக்கு காட்டத் தேவையில்லை" என்று முகவர்கள் சொல்வதுண்டு. அது பாதி உண்மை. மலேசியக் கடப்பிதழோடு இங்கிருந்து விண்ணப்பிப்பவர்கள் வங்கி அறிக்கையை முதலிலேயே இணைக்க வேண்டியதில்லை. ஆனால் தகுதி குறைக்கப்படவில்லை. பணம் இருந்தே ஆக வேண்டும். அதிகாரி எப்போது வேண்டுமானாலும் ஆவணத்தைக் கேட்கலாம். கேட்டபின் பணம் திரட்டத் தொடங்கினால் 28 நாள் எங்கிருந்து வரும்? இந்த நெருக்கடியில்தான் சிலர் ஆலோங்கிடம் போய் ஒரு மாதத்துக்கு மட்டும் கடன் வாங்கத் துணிகிறார்கள். வட்டி குடும்பத்தைப் பிடித்துக்கொள்ளும். அங்கே போய்ச் செலவுக்கும் பணம் இருக்காது. போலி வங்கி அறிக்கை கொடுத்தால் விசா மறுக்கப்படுவதோடு 10 ஆண்டு வரை தடையும் விழலாம்.

பெற்றோர் கணக்கைக் காட்டும்போது அவர்களின் சம்மதக் கடிதமும் பிள்ளையின் பிறப்புப் பத்திரமும் வேண்டும். தோட்டங்களில் அந்தக் காலத்துப் பதிவுகளில் அப்பா பெயர் ஓரிடத்தில் ஒரு மாதிரியும் அடையாள அட்டையில் வேறு மாதிரியும் இருப்பது பலருக்கும் தெரிந்த கதை. ஓர் எழுத்து வேறுபாடு ஊரில் யாருக்கும் பெரிதாகத் தோன்றாது. வெளிநாட்டு அதிகாரிக்கு அது இரண்டு ஆட்கள். தேசியப் பதிவு இலாகாவில் திருத்தத்திற்கு விண்ணப்பிப்பதை எஸ்.டி.பி.எம். தேர்வு முடிவுக்குக் காத்திராமல் முன்பே தொடங்கலாம். திருத்தம் தாமதமானால் சத்தியப் பிரமாண ஆணையர் முன் எடுத்த உறுதிமொழிப் பத்திரத்தை விளக்கமாக இணைக்கலாம். மலாயில் உள்ள ஆவணங்களுக்குச் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு தேவை. மாணவரின் பெயர் காஸிலும் விண்ணப்பத்திலும் கடப்பிதழில் உள்ளபடியே இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விண்ணப்பம் இணையவழிதான். கட்டணம் 2025 ஏப்ரலில் 524 பவுண்டாக உயர்ந்தது; அதற்குப் பிறகு மாறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. இதோடு சுகாதாரக் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு. முழு விசா காலத்துக்கும் அதை முன்கூட்டியே செலுத்த வேண்டும் என்பது பல குடும்பங்களுக்கு எதிர்பாராத செலவு. கைரேகையும் படமும் கோலாலம்பூரில் உள்ள வி.எப்.எஸ். மையத்தில் எடுக்கப்படும். 2025 ஜூலை 15 முதல் பெரும்பாலான மாணவர்களுக்குக் கடப்பிதழில் ஒட்டும் விசாவுக்குப் பதில் மின்விசாவே வழங்கப்படுகிறது.

விண்ணப்பம் மறுக்கப்பட்டால் சுகாதாரக் கட்டணம் திரும்பக் கிடைக்கும், விசாக் கட்டணம் கிடைக்காது. அதிகாரி தவறு செய்திருப்பதாகக் கருதினால் 28 நாளுக்குள் மறு ஆய்வு கோரலாம்.