கதவு திறந்துதான் இருக்கிறது

2012-ல் எம்ஐடி முதன்முதலாக இணையத்தில் இலவசமாக நடத்திய ‘சர்க்யூட்ஸ் அண்ட் எலக்ட்ரானிக்ஸ்’ வகுப்பில் நானும் சேர்ந்தேன். மூன்றாவது வாரத்தோடு சரி. ரிலீஸ், நைட் கால் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது, என் கட்சியில் ஒரு பெருங்கூட்டமே இருக்கிறது என்று. பதிவு செய்தவர்கள் சுமார் 1,55,000 பேர். சான்றிதழ் வாங்கியவர்கள் 7,157.

இந்தக் கதை அதற்குப் பத்து வருடம் முன்பே தொடங்குகிறது. டாட்காம் காலம். இணையத்தில் பாடம் விற்றுக் காசு பார்க்க முடியுமா என்று பல பல்கலைக்கழகங்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தன. எம்ஐடி அமைத்த குழுவும் அதைத்தான் ஆராய்ந்தது. கடைசியில் அது சொன்ன யோசனை வேறு: விற்க வேண்டாம், சும்மா கொடுத்துவிடலாம். 2001 ஏப்ரலில் அறிவிப்பு வந்தது. 2007-க்குள் 1,800 பாடங்கள் வலையேறின. லாபநோக்கம் இல்லாமல் யாரும் எடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், மாற்றலாம் என்பது உரிமம். ஆனால் வாத்தியார் கிடையாது, பரீட்சை கிடையாது.

அந்தக் குறையைத் தீர்க்கிறோம் என்றுதான் அடுத்த அலை வந்தது. 2011-ல் செபாஸ்டியன் த்ரனும் பீட்டர் நார்விக்கும் ஸ்டான்ஃபோர்டிலிருந்து நடத்திய செயற்கை நுண்ணறிவு வகுப்புக்கு 1,60,000 பேர். முடித்தவர்கள் ஏறக்குறைய 23,000. உடனே யுடாசிட்டி, கோர்ஸெரா, எட்எக்ஸ் எல்லாம் முளைத்தன. ‘ஏழைக்கும் ஸ்டான்ஃபோர்டு’ என்கிற மாதிரிப் பேச்சு.

2013-ல் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம் யுடாசிட்டியோடு சேர்ந்து அதைச் சோதித்துப் பார்த்தது. தேர்ச்சி மோசமாக இருந்ததால் சில மாதங்களிலேயே நிறுத்திவைத்தார்கள். அதே ஆண்டு பென்சில்வேனியா பல்கலைக்கழகம் தன் கோர்ஸெரா மாணவர்களிடம் விசாரித்தது. ஐந்தில் நான்கு பேருக்கு மேல் ஏற்கெனவே பட்டதாரிகள். உள்ளவனுக்கே இன்னும் கொஞ்சம் போய்ச் சேர்ந்திருக்கிறது!

பிறகு 2021-ல் எட்எக்ஸ் 80 கோடி டாலருக்கு டூயூ என்ற நிறுவனத்திடம் போனது. 2024-ல் டூயூ திவால் மனு போட்டது. 2001-ல் சும்மா கொடுத்தவை மட்டும் இன்றும் சும்மாவே கிடைக்கின்றன.

அப்படியானால் இலவசக் கல்வி தோற்றுவிட்டதா? எனக்கு அப்படிச் சொல்ல வாய் வராது. கல்லூரியில் ‘சிக்னல்ஸ்’ பாடத்துக்கு ஒரே செமஸ்டரில் மூன்று பேர் மாறினார்கள். எங்களைக் காப்பாற்றியது ஹாஸ்டலில் சுற்றிவந்த ஒரு ஹார்ட் டிஸ்க். சினிமாக்களுக்கு நடுவே என்பிடெல் ஃபோல்டர். ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003-ல் அரசுப் பணத்தில் தொடங்கிய திட்டம். நாலு பேர் ஒரு லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, புரியாத இடத்தில் நிறுத்தி, தமிழில் சண்டை போட்டு, மறுபடி ஓட்டுவோம். எல்லாரும் பாஸ்.

2012-ல் என்னிடம் நல்ல இணைப்பு இருந்தது, சம்பளம் இருந்தது, எம்ஐடியே இருந்தது. பக்கத்தில் உட்கார அந்த மூணு பேர்தான் இல்லை.