அவுஸ்திரேலியாவின் இரு உதைபந்தாட்டங்கள்

மெல்பேணும் சிட்னியும் ஒரே நாட்டு நகரங்களாயினும் உதைபந்தாட்டம் என்னுஞ் சொல்லுக்கு ஆங்கு வெவ்வேறு பொருளுண்டு. மெல்பேண் கழகத்தார் 1859ஆம் ஆண்டிலேயே தமக்கென விதிகள் வகுத்தனர். இலண்டன் உதைபந்தாட்டச் சங்கந் தோன்றியதோ 1863இலேதான். சிட்னி இங்கிலாந்தின் றக்பியைத் தழுவிப் பின்னர், 1908 முதல், பதின்மூவர் ஆடும் றக்பி லீக்கிற் பற்றுக்கொண்டது. ஆட்டத்தின் சுவையன்று, முந்தி வேரூன்றியமையே இப்பிரிவுக்குக் காரணம் என்பது எமது கருத்து. இவ்விரு நிலங்களுக்கும் இடைப்பட்ட எல்லைக்கு, மெல்பேண் ஆட்டவீரர் பராசியின் பெயரால், ‘பராசிக் கோடு’ என 1978இல் வரலாற்றாசிரியர் இயன் ரேணர் பெயரிட்டார்.

எவ்வாட்டத்துக்கு மக்களாதரவு மிகுதி என்னும் வழக்கில் மெல்பேணார் 1970ஆம் ஆண்டு இறுதியாட்டத்துக்குத் திரண்ட 121,696 பேரைச் சுட்டுவர். சிட்னியார் 1999ஆம் ஆண்டின் 107,999 பேரைச் சுட்டுவர். இவை அரங்கின் பரப்பைக் காட்டுவனவேயன்றிப் பற்றின் ஆழத்தைக் காட்டுவன அல்ல. சிட்னியில் நிகழ்ந்த அவ்விறுதியாட்டத்தில் வென்றதோ, களமிறங்கி இரண்டாம் ஆண்டேயான மெல்பேண் அணி!